எண்ணெய்த் துணிகள்

புருஷனிடம் பிடிக்காதவற்றைச் செசிலி விரல் விட்டு எண்ணினால் ஒரு கை போதும். அதில் முதல் விரல் அந்தத் துணிகளுக்கு. வீட்டு முன்னால் இருக்கிற முள்ளுக்கம்பி வேலியில் சேலைக் கிழிசல், பனியன் துண்டு, பழைய பள்ளிக்கூடச் சட்டையின் பாதி என்று பதினைந்து இருபது கந்தல்கள் மஞ்சளும் கறுப்புமாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு ஞானசீலன்தான் அவற்றை விரிப்பார். பக்கத்தில் போனால் பழைய மீனும் புதுப் பெயிண்டும் கலந்தது மாதிரி ஒரு வாடை அடிக்கும். தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான பத்தாம் நம்பர் லயத்தில் எட்டு வீடு. ஏழு வீட்டு வேலியில் துவைத்த துணி காயும். இவள் வீட்டு வேலியில் மட்டும் இந்த அசிங்கம் காயும்.

ஞானசீலன் மரத்துக்கு எண்ணெய் போட்டு மெருகேற்றுகிற ஆள். கைவேலை தெரிந்தவர்களை எல்லாம் அந்தப் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே இருக்கிற தோட்டங்களில் சீலன் பாஸ் என்றால் தெரியாதவர்கள் குறைவு. வார்னிஷின் பளபளப்பு அவருக்கு ஆகாது. அவருக்கு எல்லாவற்றுக்கும் லின்சீட் எண்ணெய்தான். ஆளிவிதையை ஆட்டி எடுக்கிற எண்ணெய் அது. பதுளையில் நஸீர் முதலாளியின் ஹாட்வெயார் கடையில் பெரிய தகரத்திலிருந்து போத்தலில் அளந்து ஊற்றிக் கொடுப்பார்கள். கதவுக்கும் நாற்காலிக்கும் அதைத் தேய்ப்பார். சோக்குத் தூளோடு பிசைந்து ஜன்னல் கண்ணாடி ஆடாமல் புட்டி வைத்து அடைப்பார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் கத்திப் பிடியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எண்ணெய் குடித்த பிடி மழையில் வெடிக்காது, உள்ளங்கையைக் கிழிக்காது. தோட்டத்துக் கிரிக்கெட் பையன்கள் மட்டையோடு வந்து நிற்பார்கள். ஆளிவிதை இதயத்துக்கு நல்லது என்று போனில் எதையோ பார்த்துவிட்டு ஒரு கரண்டி குடிக்கக் கேட்டு வந்த கணக்கப்பிள்ளையையும் அவர்தான் திட்டித் துரத்தினார். காய்ச்சிய எண்ணெயில் மருந்து கலந்திருக்கிறது, அது மரத்துக்குத்தான் நல்லது என்றார்.

காய்ச்சுவதும் அவரே. பச்சை எண்ணெயைப் பூசினால் அந்த மலைக்குளிரில் அது காய்வதற்குள் ஒரு மாதமே ஓடிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே வரும். காய்ச்சிய எண்ணெய் கடைகளில் கிடைக்காமல் போன தட்டுப்பாட்டுக் காலத்தில், நஸீர் முதலாளியின் கடைப் பின்கட்டில் அவர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். இரும்புச் சட்டியில் பாதி மட்டும் ஊற்றி, மெல்லிய தணலில் வைத்து, காய வைக்கிற தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரை அடங்கும்வரை பக்கத்தை விட்டு அசையாமல் இருக்க வேண்டும். பிறகு ஆறவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். தேன் நிறத்தில் இறங்கும். அப்போது மட்டும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததாகச் செசிலிக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பெப்ரவரியில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. பெரிய துரை இருந்த பழைய பங்களாவைக் கொழும்பு ஆட்கள் யாரோ எடுத்து ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லவுக்குச் சுற்றுலா போகிற வெள்ளைக்காரர்களை இங்கேயும் இரண்டு நாள் தங்கவைக்கிற திட்டம். பங்களாவின் பலகைத் தரை முழுவதற்கும் எண்ணெய் போடுகிற வேலை ஞானசீலனுக்கு. தரை என்றால் துணியும் அதற்குத் தக்கபடி வேண்டும். எண்ணெயைத் தடவ ஒன்று, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுக்க ஒன்று. நனைந்த துணிகளைப் பங்களாப் புல்லில் விரிக்க மனேஜர் விடவில்லை. படம் எடுக்க ஆள் வருகிற இடத்தில் கந்தல் கண்ணில் படக்கூடாது என்றார். அதனால் ஞானசீலன் துணிகளைக் கூடையில் லயத்துக்குத் தூக்கிவந்து வேலியில் விரித்தார்.

"இத ஒரு சாக்குல கட்டி மூலையில போட்டா என்னவாம்?" என்று செசிலி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"சுருட்டாத. குமிச்சு வைக்காத. அது அப்பிடித்தான்," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. காய்ந்து பட்டையாக விறைத்த பிறகுதான் அவரே எடுத்து அடுப்பில் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மகள் ஜெசீகாவுக்கு இருபத்துநான்கு வயது. தோட்டத்து முன்பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறாள். மாப்பிள்ளை ரொஷான் பண்டாரவளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. டவுனில் சொந்த வீடு, பின்னால் டைல் பதித்த பாத்ரூம். லயத்தில் பிறந்து, லயத்திலேயே வாழ்க்கைப்பட்டு, பொதுத் தண்ணீர்ப் பீலியில் வரிசையில் நின்று குளித்த செசிலிக்கு அந்த பாத்ரூம் பற்றிய சேதியே கண்ணைக் கலக்கிவிட்டது. இந்தச் சம்பந்தம் எப்படியும் முடிந்துவிட வேண்டும் என்று ஒரு வாரமாக ஜெபமாலையும் கையுமாகத் திரிந்தாள்.

பங்களாவில் வேலை முடியவில்லை என்று ஞானசீலன் அன்றைக்கும் காலையிலேயே போய்விட்டார். பூசைக்குக்கூட வரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கூடை நிறைய ஈரத் துணியோடு வந்து, வழக்கம் போல வேலியில் நிதானமாக விரித்துவிட்டு, பீலியில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வேனுக்கு வழிகாட்ட ரோட்டுக்கு இறங்கினார். ஒன்றரை மணிக்கு ஜெசீகாவின் போன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் சந்திக்கு வந்துவிட்டார்களாம்.

செசிலி வாசலில் நின்று தன் வீட்டை மாப்பிள்ளையின் தாயார் பார்க்கப்போவது போலப் பார்த்தாள். தூக்கிவாரிப்போட்டது. பூச்செடி, புதுத் திரை, கழுவிவிட்ட வாசல், அதற்கு முன்னால் வரிசையாக இருபது கந்தல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓர் உரச்சாக்கை எடுத்தாள். பிசுபிசுவென்று கையில் ஒட்டிய துணிகளை ஒவ்வொன்றாக உருவி, திணித்து, காலால் மிதித்து அமுக்கி, வாயைக் கட்டினாள்.

எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த பாடு. வீட்டுக்குள் வைத்தால் வாடை. அவளுடைய விறகுக் கொட்டில் கக்கூஸுக்குப் போகிற பாதையில் இருந்தது. வந்தவர்கள் கட்டாயம் அந்தப் பக்கம் போவார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் தங்கையாவின் கொட்டில் மூலைக்கு அப்பால் திரும்பி இருந்தது. மூன்று பக்கமும் தகரம். உச்சி வெயிலில் தொட்டால் சுடும். உள்ளே கவ்வாத்தில் வெட்டிய தேயிலைச் சுள்ளியான மிலாறு காய்ந்து கிடந்தது. சாக்கை அந்த மிலாறுக்கு நடுவே செருகிவிட்டு, சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். அவர்கள் போனதும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறோம்.

வேனோடு திரும்பிய ஞானசீலன் வந்தவர்களை உள்ளே கூட்டிப்போகிற அவசரத்தில் வேலியைக் கவனிக்கவில்லை. வந்தவர்களுக்கு எல்லாமே பிடித்துப்போனது. மாப்பிள்ளையின் தாயார் ஜெசீகாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க வீடு எவ்வளவு துப்புரவா இருக்கு. பொம்பளப் புள்ளைய எப்பிடி வளத்திருப்பீங்கன்னு வாசலப் பாத்தாலே தெரியுது," என்று அவர் சொன்னபோது செசிலிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஈஸ்டர் கழித்துக் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஐந்தரை மணிக்கு வேன் கிளம்பியது. ஞானசீலனும் கூடவே ஏறி அப்புத்தளை வரை போனார். செசிலி வீடு வீடாகப் போய்க் கேக் கொடுத்துவிட்டு, கடைசி வீட்டில் உட்கார்ந்து பாத்ரூமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சாக்கை மறந்தே போனாள்.

ஆறே முக்காலுக்குத் தங்கையாவின் கொட்டில் பக்கமிருந்து புகை வந்தது. புகை என்று யாரோ சொல்லி முடிப்பதற்குள் நெருப்பு கூரைக்கு ஏறிவிட்டது. லயத்துக்கு எட்டுக் கதவு இருந்தாலும் கூரை ஒன்றுதான். தகரத்துக்குக் கீழே நூறு வருஷத்துப் பலகையும் புகை படிந்த மரச்சட்டமும். மலைக்காற்று வேறு. வீட்டுக்கு வீடு தாவி எரிந்தது. பிள்ளைகளை வெளியே இழுத்துப்போடத்தான் நேரம் இருந்தது. ஆறு வீடு மொத்தமாகப் போயிற்று. உயிர் ஒன்றும் போகவில்லை, அதற்குக் கர்த்தருக்குத் தோத்திரம் என்று ஃபாதர் மறுநாள் வந்து சொன்னார். தங்கையாவின் மருமகள் தவமணி அதைக் கேட்டுக்கொண்டு சாம்பலில் எதையோ குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். குவைத்துக்குப் போக இருந்தவள் அவள். விமானத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பாஸ்போர்ட்டும் போயிற்று, அவள் துணி தைத்த மெஷினும் போயிற்று.

எரிந்த குடும்பங்களை எல்லாம் பிள்ளைக் காம்பராவில் தங்கவைத்தார்கள். பகலில் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம் அது. தொட்டில் கட்டுகிற கம்பிகளுக்கு நடுவே சேலையைத் தொங்கவிட்டு ஆறு குடும்பமும் ஆறு மூலை பிடித்தது. மூன்றாம் நாள் பொலிஸ் வந்தது. எங்கே தொடங்கியது என்று கேட்டார்கள். எல்லாரும் கொட்டிலைக் காட்டினார்கள். அங்கே யார் போவது என்று கேட்டார்கள். எல்லாரும் தங்கையாவைப் பார்த்தார்கள்.

தங்கையாவுக்கு எழுபத்தாறு வயது. நாற்பது வருஷம் கவ்வாத்து வெட்டியவர். வீட்டுக்குள் பீடி குடிக்க மருமகள் விடமாட்டாள் என்பதால் சாயந்தரமானால் அந்தக் கொட்டில் வாசலில் குந்திக்கொண்டு இரண்டு பீடி இழுப்பார். அன்றும் நான்கு மணிக்குக் குடித்திருக்கிறார். அது செசிலிக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேத்தண்ணீர் ஊற்றும்போது ஜன்னல் வழியாகப் பீடி வாசம் வந்து, அதற்கும் அவள் சங்கடப்பட்டிருந்தாள்.

"அணைச்சீங்களா ஐயா?" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டதைத் தோட்டத்துக் கிளார்க் தமிழில் சொன்னார்.

கிழவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "அணைச்சிருப்பேங்க. எப்பவும் கால்ல போட்டு மிதிப்பேன். அன்னைக்கு மிதிச்சேனான்னு நெனப்பு வரல," என்றார். பிறகு, கேட்காமலே, "நான்தான் போல இருக்குங்க," என்றார்.

வேண்டுமென்று செய்ததல்ல என்று எழுதிக்கொண்டு பொலிஸ் போய்விட்டது. லயம் அப்படிப் போய்விடவில்லை. அன்றிலிருந்து அவரோடு யாரும் பேசவில்லை. சோறு வைத்த கோப்பையைத் தவமணி அவர் முன்னால் தள்ளிவிட்டுப் போவாள். அவர் உள்ளே படுக்கவும் வரவில்லை. பிள்ளைக் காம்பராவின் படியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். பீடிக்கட்டைத் தூர எறிந்துவிட்டார்.

செசிலிக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அவளும்தான் கிழவரைச் சபித்தாள். ஜெசீகாவின் அலுமாரியும், கல்யாணத்துக்கென்று சேர்த்துவைத்த சேலைகளும் அந்த ஆறு வீட்டில் ஒன்றில்தானே கிடந்தன. பொலிஸ் வந்துபோன சாயந்தரம் ஞானசீலன் அவளைப் பீலிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வேலியில இருந்த துணியெல்லாம் எங்க செசிலி?"

"ஏங்க?"

"வேலி எரியல. கம்பி அப்பிடியே நிக்குது. துணிய மட்டும் காணோம்."

"இப்ப அந்தக் கந்தலுக்கு என்ன?" என்றாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அது தண்ணி மாதிரி காயுற எண்ணெ இல்ல. காத்த இழுத்து இறுகும். இறுகும்போது சூடு வரும். விரிச்சுப் போட்டா அந்தச் சூடு காத்தோட போயிரும். சுருட்டி அமுக்கி வச்சா போக வழியில்லாம உள்ளுக்குள்ளயே ஏறி, அஞ்சாறு மணி நேரத்துல தானா பத்திக்கும். நஸீர் மொதலாளி கடைப் பின்கட்டுல தரை கருகிக் கெடக்கும். 'இந்தா பாருங்க பாஸ், ஒரு கூடைத் துணி செஞ்ச வேல. ஒங்கட வீட்டுல பொதிஞ்சு வெச்சிராதீங்க'ன்னு மொத நாளே காட்டிச் சொன்னாரு."

செசிலி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "இதச் சொல்றதுக்கு என்ன?" என்றாள். "இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ஒன்கிட்ட சொன்னா லயத்துக்கே தெரியும். தானா பத்துற எண்ணெய வச்சிருக்கான்னு தெரிஞ்சா எட்டு வீடும் கூடி எண்ணெப் போத்தலத் தூக்கி வெளிய எறிஞ்சிருக்கும். நான் எங்க வச்சுப் பொழைக்கிறது?" அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க போட்ட?"

உண்மையைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பழகிய முகம் பயத்தில் குழந்தை முகம் போல ஆகியிருந்ததைப் பார்த்தாள். "கீழ தண்ணிக் கானு ஓரத்துல குப்பைக் குழியில போட்டேன்," என்றாள்.

"கட்டியா, விரிச்சா?"

"விரிச்சுத்தான் கொட்டுனேன்."

ஞானசீலன் அப்படியே பீலிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சிலுவை போட்டுக்கொண்டார். "மூணு நாளா செத்துப் பொழைச்சேன் புள்ள. அப்ப நம்ம மேல பழி இல்ல," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். குப்பைக் குழியைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. செசிலி சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று வாழ்ந்து பழகிய மனுஷர் அவர்.

அன்றைக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் அரிசியும் பருப்பும் போர்வையுமாக ஒரு வேன் நிறையக் கொண்டுவந்து இறக்கினார்கள். ரொஷானின் தாயார் படியில் கிடந்த கிழவரை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஒரு ஆளோட கவனக்கொறவு. எத்தன குடும்பத்த நடுத்தெருவுல விட்டுருச்சு பாருங்க. இப்பிடிப்பட்ட ஆளுங்க பக்கத்துல எப்பிடித்தான் இருந்தீங்களோ," என்றார். செசிலி தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையை அறுத்துப் போட்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

பொய்க்கு ஒரு குணம் உண்டு. சொன்ன அன்றைக்கு அது எடை இல்லாமல் இருக்கும். போகப் போகத்தான் கனக்கும். செசிலிக்குக் கண்ணை மூடினால் காலால் மிதித்து அமுக்கிய சாக்கு வந்தது. ஞானசீலன் வேறு கிழவரிடம் அளவில்லாத அன்பாக இருந்தார். தன் பங்கு ரொட்டியில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுப்பார். "வயசான மனுசன். தெரியாம நடந்தது. மன்னிக்காம நம்ம என்ன வேதக்காரங்க?" என்று மற்றவர்களிடம் வாதாடுவார். அவர் அப்படிப் பேசும்போதெல்லாம் செசிலி எழுந்து வெளியே போய்விடுவாள்.

பத்தாம் நாள் தவமணி ஒரு முடிவு சொன்னாள். பதுளையில் கன்னியாஸ்திரிமார் நடத்துகிற ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருக்கிறாள்; வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விடப்போகிறாள். கொழும்பில் வேலை செய்கிற அவள் புருஷனும் போனில் சரி என்றுவிட்டான். "அந்த மொகத்தப் பாக்கப் பாக்க எனக்கு வயித்தெரிச்சலா இருக்குக்கா," என்று செசிலியிடமே சொல்லி அழுதாள். தவமணி கெட்டவள் அல்ல. மாமனாரின் வேட்டியைப் பதினைந்து வருஷம் துவைத்துப்போட்டவள். எரிந்தது அவளுடைய பாஸ்போர்ட்டு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு பஸ். தவமணி முன்னாலேயே ரோட்டுக்கு இறங்கிவிட்டாள். தங்கையா ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். யாரோ தானமாகக் கொடுத்த சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரிது. மற்றவர்கள் எல்லாம் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போய்விட்டார்கள். பத்து அடி தள்ளி, சமையலுக்கென்று போட்ட தற்காலிகக் கொட்டகையின் மேலே ஏறி ஞானசீலன் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். செசிலி தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, நேராகக் கிழவரிடம் போனாள். இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்தால் பேசமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மாமா, அது ஒங்க பீடி இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான். எங்க வீட்டுக்காரரோட எண்ணெத் துணிய சாக்குல கட்டி ஒங்க கொட்டில்ல செருகி வச்சேன். அன்னைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு வச்சேன். அதுதான் பத்திக்கிச்சு."

"துணியா?" என்றார் கிழவர். "சரி, துணிய யாரு தாயி பத்த வச்சா?"

"யாரும் வைக்கல மாமா. அது தானாவே சூடேறிப் பத்தும். அந்த எண்ணெ அப்பிடி."

கிழவர் மெல்லத் தலையை அசைத்தார். சிறு பிள்ளையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். "எட்டு வீட்டுல நீயும் ஒம் புருசனும்தான் மனுசங்க. போற நேரத்துல எம் மனசு ஆறட்டுமுன்னு இப்பிடிச் சொல்ற. துணி தானா எரியுமா தாயி? எழுவத்தாறு வருசத்துல நான் கேள்விப்பட்டதில்ல."

"சத்தியமா மாமா. மாதா மேல சத்தியம்."

சத்தியம் என்ற சொல் அவரை எங்கேயோ தொட்டிருக்க வேண்டும். அவர் முகம் மாறியது. பையைக் கீழே வைத்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சீலன் தம்பிக்கு இது தெரியுமா? அது பாஸு. அதுக்குத் தெரியும்ல? அந்தத் தம்பி பொய் சொல்லாது. கூப்பிடு. 'ஆமா, எண்ணெத் துணி தானா பத்தும்'னு அது வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். நான் தவமணிகிட்டச் சொல்றேன். அது பஸ்ஸுக்குத்தான் நிக்குது. ஓடிப்போயி சொல்றேன்."

செசிலி கொட்டகைக் கூரையைப் பார்த்தாள். இருவரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு ஞானசீலன் சுத்தியலை நிறுத்தினார்.

"என்ன செசிலி?"

அவளுக்குள் பலவும் அந்த ஒரு நொடியில் வந்துபோயின. பீலிக் கல்லில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்த புருஷன். பண்டாரவளை வீடு. ஜெசீகாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள். இனி எந்த லயத்துக்குப் போனாலும், இவள்தான் பத்தாம் நம்பரை எரித்தவள் என்று ஆறு குடும்பமும் காட்டப்போகிற விரல். கிழவரின் பிடி இறுகிக்கொண்டே போனது.

"ஒண்ணுமில்லங்க," என்றாள். "மாமா கெளம்புறாரு. பையத் தூக்க ஆள் வேணும்."

மணிக்கட்டில் இருந்த கை விலகியது. தங்கையா அவளைப் பார்க்கவில்லை. "நான்தான் தாயி," என்றார். "அன்னைக்கு மிதிக்காம விட்டுட்டேன் போல."

ஞானசீலன் இறங்கிவந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கையில் பையும் மறு கையில் கிழவரின் முழங்கையுமாகத் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினார். செசிலி நின்ற இடத்திலேயே நின்றாள். பஸ் வளைவில் ஹாரன் அடித்ததும், நின்றதும், மறுபடி கியர் போட்டுக் கிளம்பியதும் அவளுக்குக் கேட்டது. தான் முயற்சி பண்ணாமல் இல்லை, அவர்தான் நம்பவில்லை என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது அவளுக்கே எடுபடவில்லை.

ஞானசீலன் திரும்பி வர நேரமாயிற்று. ஏற்றத்தில் நின்று நின்று வந்தார். அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒன்னையப் பத்தித்தான் வழி பூராவும் பேசிக்கிட்டு வந்தாரு," என்றார். "தங்கமான மனசாம் ஒனக்கு. எண்ணெத் துணிய சாக்குல கட்டி அவரு கொட்டில்ல வச்சது நீதான்னு, அவரத் தேத்துறதுக்காகப் பழிய ஒன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டியாம். அது எப்பிடித் தம்பி துணி தானா எரியும்னு என்கிட்டயே கேட்டுட்டு பஸ் ஏறுனாரு."

சாக்கில் கட்டினால் என்ன ஆகும் என்று அந்தத் தோட்டத்தில் அவளைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் ஞானசீலன். அவர் முகத்தில் அது இறங்கிக்கொண்டிருந்ததை அவள் நின்று பார்த்தாள். அடுத்த பஸ் பதினொன்றே காலுக்கு. அதில் ஏறினால் பதுளைக்குப் போய்விடலாம். கிழவரை அந்த இல்லத்துப் பேரேட்டில் பதிவதற்கு முன்னாலேயே பிடித்துவிடலாம். போவார் என்று அவள் பயந்தாள். போகமாட்டாரா என்றும் ஏங்கினாள்.

ஞானசீலன் கொஞ்ச நேரம் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏணியில் கால் வைத்து, ஒவ்வொரு படியாக மேலே ஏறினார். கூரையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் கையை மட்டும் கீழே நீட்டினார்.

"அந்த ஆணிய எடுத்துக் குடு," என்றார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள்.